ஓய்வறியாத் தோள்: சக்கர நாற்காலி விளையாட்டில் தசை மீட்சியும் ஆட்டத்திறனும்

1. ஆய்வின் களம்

1975ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் பாப் ஹால் என்ற இளைஞர் சக்கர நாற்காலியில் கலந்துகொண்டார். சிறுவயதில் போலியோ தாக்கியவர். மூன்று மணி நேரத்துக்குள் முடித்தால் சான்றிதழ் தருகிறோம் என்றார் போட்டி இயக்குநர். ஹால் 2 மணி 58 நிமிடத்தில் முடித்துச் சான்றிதழை வாங்கினார். 2021இல் ஜப்பானின் ஒயிட்டா நகரில் சுவிட்சர்லாந்து வீரர் மார்செல் ஹுக் அதே 42.195 கி.மீ. தொலைவை 1 மணி 17 நிமிடம் 47 விநாடியில் கடந்தார். சராசரி வேகம் மணிக்கு 32 கி.மீட்டருக்கு மேல்.

இந்த இடைவெளியில் நாற்காலி மாறிவிட்டது, தள்ளும் உத்தி மாறிவிட்டது, பயிற்சி முறை மாறிவிட்டது. மாறாதது தோள் மூட்டு. பாப் ஹாலுக்கு இருந்த அதே ஆழமற்ற குழி, அதே நான்கு சிறு தசைகள் போர்த்திய அதே பந்து மூட்டுதான் மார்செல் ஹுக்குக்கும். நடக்கப் படைக்கப்பட்ட உடலில் கையை எல்லாப் பக்கமும் வீசுவதற்காக அமைந்த மூட்டு அது. உடலின் எடையைத் தாங்குவதற்காக அமைந்ததன்று.

இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் மருத்துவர் லுட்விக் குட்மான் 1948 ஜூலை 29 அன்று நடத்திய வில்வித்தைப் போட்டியில் 16 பேர் பங்கேற்றனர். லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாள். அவருக்கு விளையாட்டு மருத்துவத்தின் ஒரு பகுதி: படுக்கையில் கிடந்தவரை எழுப்பி உட்காரவைத்து, கைக்கு வலுவூட்டி, வெளியுலகத்துக்கு அனுப்பும் வழி. அந்த வழியில் வந்தவர்களின் பேரப்பிள்ளைத் தலைமுறை இன்று தொழில்முறை வீரர்களாக இருக்கிறது. மருந்தாகத் தொடங்கியதற்கு இப்போது பக்கவிளைவுகளைக் கணக்கெடுக்க வேண்டியிருக்கிறது.

இக்கட்டுரை முதன்மையாகத் தண்டுவடக் காயம் பட்ட வீரர்களைப் பற்றியது. சாலை மற்றும் தடப் பந்தயம், கூடைப்பந்து, ரக்பி ஆகிய மூன்று ஆட்டங்களை வைத்துப் பேசுகிறது. கால் இழந்து கூடைப்பந்து ஆடுபவருக்கு வியர்வையும் இதயத்துடிப்பும் எல்லாரையும் போலவே இயங்கும். ஆகவே நான்காம் பிரிவில் வருவது அவருக்குப் பெரிதும் பொருந்தாது. மூன்றாம் பிரிவு முழுக்கப் பொருந்தும்.

விளையாட்டு மருத்துவத்தில் மீட்சி பற்றிய அறிவு பெரும்பாலும் ஓட்டக்காரர்களையும் மிதிவண்டி வீரர்களையும் கால்பந்தாட்டக்காரர்களையும் ஆராய்ந்து உருவானது. அது இரண்டு விஷயங்களைச் சொல்லாமலே நம்பிக்கொள்கிறது. பயிற்சி முடிந்தால் உழைத்த தசை ஓய்வெடுக்கும் என்பது ஒன்று. இதயம், வியர்வை, தூக்கம் ஆகியவற்றைத் தன்னியக்க நரம்பு மண்டலம் தானே சரிக்கட்டிக்கொள்ளும் என்பது மற்றொன்று. சக்கர நாற்காலி வீரரிடம் முதலாவது யாருக்குமே உண்மையில்லை. இரண்டாவது பலருக்கு உண்மையில்லை. மீட்சித் திட்டத்தை இந்த இரண்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

2. தள்ளல் என்னும் வேலை

அன்றாட நாற்காலியில் கை, சக்கரத்தின் வெளிப்புற வளையத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டு, மறுபடி பின்னால் போய்ப் பிடிக்கிறது. தள்ளும்போது மார்புத் தசையும் முன்தோள் தசையும் உழைக்கின்றன. கை திரும்பும்போது பின்தோள் தசையும் தோள்பட்டை எலும்பை முதுகோடு இழுத்துப் பிடிக்கும் தசைகளும் உழைக்கின்றன. இரண்டு உழைப்பும் சமமல்ல. ஒவ்வொரு தள்ளலிலும் முன்பக்கம் கூடுதலாகச் சம்பாதிக்கிறது. ஆண்டுக்கணக்கில் அந்த வித்தியாசம் சேர்ந்துகொண்டே போகிறது.

பந்தய நாற்காலியின் கதை வேறு. மூன்று சக்கரம், நீண்ட முன்பகுதி, சிறிய வளையம். வீரர் மண்டியிட்டுக் குனிந்த நிலையில் கட்டப்பட்டிருப்பார். அவர் வளையத்தைப் பிடிப்பதே இல்லை. கெட்டியான கையுறையின் கட்டைவிரல் பக்கத்தால் மேலிருந்து குத்தி, உரசியபடியே கீழே கொண்டுபோய், அடியில் விடுவிக்கிறார். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஓடும் நாற்காலியின் வளையத்தை நோக்கி வரும் கை அந்த வளையத்தின் சுழற்சியைவிட வேகமாக வந்து சேராவிட்டால், அந்தத் தொடுதல் தள்ளலாக இராது, பிரேக்காகிவிடும். களைத்த வீரரிடம் முதலில் குறைவது வலிமையன்று, இந்த நேரக்கணிப்புதான். கடைசிச் சில கிலோமீட்டர்களில் கையுறை வளையத்தில் படும் ஓசை சீர்கெடுவதைத் தேர்ந்த பயிற்சியாளர் காதால் கேட்டே அறிவார்.

வளையத்தைத் தள்ளுவது செலவு அதிகமான வேலை. மிதிவண்டி மிதிப்பவர் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பயனுள்ள வேலையாகிறது. அன்றாட நாற்காலியின் வளையத்தைத் தள்ளும்போது அது 10 விழுக்காட்டை எட்டுவதே அரிது. மிச்சம் வெப்பமாகவும் மூட்டை நிலைநிறுத்தும் உழைப்பாகவும் போய்விடுகிறது. மொத்தப் பளுவைச் சுமக்கும் தசையோ சிறிது. தொடையும் பிட்டமும் செய்ய வேண்டியதைக் கையும் தோளும் மேல்முதுகும் செய்கின்றன. ஆகவே லாக்டேட் சீக்கிரமே ஏறுகிறது. ஓட்டக்காரரிடம் ஓய்வான தசைகள் அந்த லாக்டேட்டில் ஒரு பகுதியை எடுத்து எரிக்கும். இங்கே அந்த வேலைக்கு உதவக்கூடிய உடலின் மிகப் பெரிய தசைகள் செயலற்று, பலருக்கு மெலிந்தும் போயிருக்கின்றன. கால் தசை சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே ஏற்றும் பம்பும் இல்லை. ரத்தம் காலில் தேங்குகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்ற முடிகிற அளவு அந்த மட்டுக்குக் குறைகிறது.

ஓட்டக்காரரின் மறுநாள் வலி பெரும்பாலும் தசை நீண்டபடியே தாங்கும் உழைப்பிலிருந்து வருகிறது. இறக்கத்தில் ஓடியவர்களுக்கு நன்றாகத் தெரியும். வளையத்தைத் தள்ளுவதில் தசை சுருங்கியபடி செய்யும் உழைப்பே மிகுதி. ஆகவே கடும் பயிற்சிக்கு மறுநாள்கூடத் தோள் தசை பெரிதாக நோகாமல் இருக்கலாம். இதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. நோகாத தசைக்கு அடியில் தசைநாண் வேறு கணக்கில் இருக்கிறது.

3. தோளின் கணக்கு

3.1 தசைநாணின் காலம்

தசைக்கும் தசைநாணுக்கும் மீட்சி வேகம் ஒன்றல்ல. கடும் பளுவுக்குப் பிறகு தசைநாணில் கொலாஜன் சிதைவும் ஆக்கமும் இரண்டுமே கூடுகின்றன. முதல் 24 முதல் 36 மணி நேரம் வரை சிதைவின் கை ஓங்கியிருக்கும். அதன் பிறகே ஆக்கம் முந்தும். ஏறத்தாழ 72 மணி நேரம் வரை அது நீடிக்கும். முதல் ஒன்றரை நாளுக்குள் மறுபடி மறுபடி கடும் பளு ஏற்றினால் தசைநாண் நிகர இழப்பிலேயே ஓடிக்கொண்டிருக்கும். சக்கர நாற்காலி ஆட்டங்களில் கடுமையாக ஆடியவர்களின் தோளை உடனே அல்ட்ராசவுண்டில் பார்த்தபோது இருதலைத் தசைநாண் வீங்கியிருந்ததை அமெரிக்க ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள்.

ஓட்டக்காரருக்கு இதன் தீர்வு எளிது: மறுநாள் ஓடாதே. நாற்காலி வீரரிடம் மறுநாள் தள்ளாதே என்று சொல்ல முடியுமா?

3.2 பயிற்சிக்கு வெளியே ஒரு நாள்

காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு. அங்கிருந்து கழிப்பறைக்கு, திரும்ப நாற்காலிக்கு. குளிக்கும் ஸ்டூலுக்கு, திரும்ப. நாற்காலியிலிருந்து காருக்கு, பிறகு நாற்காலியின் சக்கரங்களைக் கழற்றி, சட்டத்தை ஒரே கையால் தூக்கித் தன் மார்பின் குறுக்கே இழுத்துப் பக்கத்து இருக்கையில் போட வேண்டும். மைதானத்தில் இவை எல்லாம் தலைகீழாக. அன்றாட நாற்காலியிலிருந்து ஆட்ட நாற்காலிக்கு. பயிற்சி. பிறகு வீடு திரும்பும்வரை அத்தனையும் மறுபடி. கூட்டிப் பார்த்தால் இடம் மாறுதல் மட்டுமே பத்தைத் தாண்டும். ஒவ்வொன்றிலும் உடலெடையின் பெரும்பகுதி சில விநாடி இரண்டு தோள்களில் நிற்கிறது. அந்தச் சில விநாடியில் மேற்கை எலும்பின் தலை மேல்நோக்கி முட்டி, தோள்பட்டை எலும்பின் கூரைக்கும் தனக்கும் இடையிலுள்ள குறுகிய சந்தில் தசைநாணை நசுக்கப் பார்க்கிறது.

இதன் மேல் தள்ளல்கள். சாதாரண வேகத்தில் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு தள்ளல், ஒரு மீட்டர் நகர்வு. கல்லூரி வளாகத்தில் ஒரு கிலோமீட்டர் அலைந்தவர் ஆயிரம் முறை தள்ளியிருப்பார். படுக்கைப்புண் வராமல் இருக்க அவ்வப்போது இருக்கையிலிருந்து பிட்டத்தைத் தூக்க வேண்டும். இரு கையாலும் ஊன்றித் தூக்குவதுதான் பலருக்கும் பழகிய முறை. அதுவும் தோளின் கணக்கில் சேர்கிறது.

நாற்காலியைக் கையால் தள்ளுவோரில் 30 முதல் 70 விழுக்காட்டினருக்குத் தோள் வலி இருப்பதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. விளையாடுபவர்களுக்கு வலி கூடுதலா குறைவா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. விளையாட்டு தோளை வலுவாக்கவும் செய்கிறது, தேய்க்கவும் செய்கிறது என்பதை நினைத்தால் இந்த முரண் வியப்பளிக்காது.

3.3 எதைக் குறைக்கலாம்

அமெரிக்கத் தண்டுவட மருத்துவக் கூட்டமைப்பு 2005இல் மேற்கை பாதுகாப்புக்கென வெளியிட்ட வழிகாட்டுதல் இன்றும் பயன்படுகிறது. அதன் சாரம்: தள்ளல்களின் எண்ணிக்கையைக் குறை, ஒவ்வொரு தள்ளலின் விசையைக் குறை, நீண்டு, வழுக்கிச் செல்லும்படி தள்ளு. தள்ளி முடித்த கை வளையத்துக்குக் கீழாக இறங்கி அரைவட்டமாகத் திரும்புவது நல்லது. மேலாகத் தூக்கித் திருப்பினால் எண்ணிக்கை கூடும். இருக்கையின் உயரம், கையை வளையத்தின் உச்சியில் வைத்தால் முழங்கைக் கோணம் 100 முதல் 120 பாகை வரை அமையும்படி இருக்க வேண்டும். அச்சு, நாற்காலி பின்னால் சாய்ந்துவிடாத அளவுக்கு முன்னே தள்ளி இருக்க வேண்டும்.

பல லட்ச ரூபாய் பந்தய நாற்காலியில் ஒவ்வொரு மில்லிமீட்டரையும் சரிசெய்துகொள்ளும் வீரர், மருத்துவமனை நடைபாதைக்கென்று செய்த தடித்த நாற்காலியில் வீட்டுக்குப் போவதை நம் நாட்டில் சாதாரணமாகக் காணலாம். பந்தய நாற்காலியில் அவர் நாளில் இரண்டு மணி நேரம் இருக்கிறார். மற்றதில் பன்னிரண்டு மணி நேரம். நிதி திரட்டித் தருபவர்கள் முதல் நாற்காலிக்குத் தருகிறார்கள், படம் எடுக்க அதுதான் அழகு. தோளைக் கேட்டால் இரண்டாவதைக் கேட்டிருக்கும்.

இருக்கை அழுத்தத்தைக் குறைக்க ஊன்றித் தூக்குவதற்குப் பதில் முன்னால் குனிவதும் பக்கவாட்டில் சாய்வதும் போதும். ஆனால் நேரம் கொடுக்க வேண்டும். அழுந்தியிருந்த தோலுக்கு ஆக்சிஜன் முழுதாகத் திரும்ப ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஆகிறது. அவ்வளவு நேரம் யாராலும் ஊன்றித் தூக்கி நிற்க முடியாது. முன்னால் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டுவதுபோல் இருந்துவிட முடியும். தோலுக்கும் தோளுக்கும் ஒரே சமயத்தில் நல்லது.

உடலெடையும் இங்கே மீட்சிக் காரணி. தள்ளும்போது தோளில் விழும் விசையை முன்கூட்டிச் சொல்ல உதவுவனவற்றில் உடலெடையே முதன்மையானது என்று பல மையங்களில் நடந்த அளவீடு ஒன்று காட்டியது.

3.4 எதைக் கூட்டலாம்

1993இல் ஆய்வாளர் பர்ன்ஹாமும் கூட்டாளிகளும் நாற்காலி விளையாட்டு வீரர்களின் தோள் வலிமையை அளந்தார்கள். நசுங்கல் வலி இருந்த தோள்களில் கையை மேலே தூக்கும் தசைகளோடு ஒப்பிட, கையை உடலோடு சேர்க்கும் தசைகளும் உள்ளேயும் வெளியேயும் திருப்பும் தசைகளும் பின்தங்கியிருந்தன. பெரிய தசை இழுக்க, மூட்டை மையத்தில் பிடித்துவைக்க வேண்டிய சிறியவை தோற்றுப்போகின்றன.

இதிலிருந்து பயிற்சிக்கூடத்துக்கு நேரடியாக ஒரு விதி கிடைக்கிறது. மார்புத் தசைக்கான பெஞ்ச் பிரஸ்ஸை நாற்காலி வீரருக்கு இன்னும் கூட்டத் தேவையில்லை. அவர் நாள் முழுவதும் அதைத்தான் செய்கிறார். இழுப்பு, வெளிச்சுழற்சி, தோள்பட்டை எலும்பைப் பின்னுக்கும் கீழுக்கும் இழுத்தல் ஆகியவற்றுக்கே நேரம் தர வேண்டும். தண்டுவடக் காயத்தோடு தோள் வலியும் இருந்தவர்களிடம் ஸ்டாம்ப்ஸ் என்னும் சோதனையை அமெரிக்காவில் நடத்தினார்கள். வீட்டிலேயே 12 வாரம் இத்தகைய பயிற்சியும், இடம் மாறுவதிலும் தள்ளுவதிலும் சில திருத்தங்களும். வலி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. பங்கேற்றவர்கள் விளையாட்டு வீரர்களல்லர் என்பதை மறக்கக் கூடாது. என்றாலும் ரப்பர் பட்டையும் சிறு எடையும் மட்டுமே கேட்கும் ஒரு முறைக்கு இது நல்ல பலன்.

4. காயத்தின் உயரம்

4.1 இதயம்

இதயத்தை முடுக்கிவிடும் பரிவு நரம்புகள் மார்புப் பகுதித் தண்டுவடத்தின் மேல் பாதியிலிருந்து கிளம்புகின்றன. கழுத்தில் முழுமையாகத் தண்டுவடம் அறுபட்டவருக்கு மூளையின் கட்டளை அங்கே போய்ச் சேராது. இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு தன் பிடியைத் தளர்த்துவதால் மட்டுமே இதயத்துடிப்பு ஏறும். அதிகபட்சம் பெரும்பாலும் 110க்கும் 130க்கும் இடையில் நின்றுவிடும். வயதைக் கழித்து உச்சத்துடிப்பு கணக்கிடும் சூத்திரமோ, கைக்கடிகாரம் காட்டும் வண்ணப் பட்டைகளோ இவரிடம் பொருளற்றவை. டி6க்கு, அதாவது மார்புப் பகுதித் தண்டுவடத்தின் ஆறாம் மட்டத்துக்கு, கீழே காயம் பட்டவரிடம் இதயம் ஏறத்தாழ எல்லாரையும் போல ஏறும்.

ரக்பியில் வீரர்களுக்கு அவர்களின் இயங்குதிறனைப் பொறுத்து 0.5 முதல் 3.5 வரை வகைப்பாட்டுப் புள்ளிகள். களத்திலுள்ள நால்வரின் கூட்டு 8ஐத் தாண்டக் கூடாது. கூடைப்பந்தில் 1.0 முதல் 4.5 வரை, ஐவருக்கு 14. அணியில் வெவ்வேறு உடல்கள் சேர்ந்தே ஆட வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது. அப்படியிருக்க, அணி முழுவதற்கும் ஒரே மீட்சி அட்டவணையைச் சுவரில் ஒட்டுவது அந்தப் புள்ளி முறையையே மறந்துவிடுவதாகும்.

4.2 வெப்பம்

காயத்துக்குக் கீழே வியர்வை இல்லை, அல்லது மிகக் குறைவு. தோலின் ரத்தக்குழாய்களும் மூளை சொல்வதைக் கேட்பதில்லை. கழுத்துக் காயம் பட்ட ரக்பி வீரர்கள் மற்றவர்களைவிடக் குறைந்த தொலைவு கடந்தும் அவர்களைவிட உடல் சூடாகிறார்கள். ஆட்டம் நின்றபின்னும் உடல் வெப்பம் சிறிது நேரம் ஏறிக்கொண்டே இருக்கலாம். மீட்சியின் முதல் அரைமணி இவர்களுக்குக் குளிர்வித்தல்தான். புரதமும் நீட்டல் பயிற்சியும் அதன் பிறகே.

ஏறத்தாழ 32 பாகை வெப்பத்தில் நடத்திய சோதனைகளில் பனிக்கட்டிச் சட்டையை முன்கூட்டியே அணிவதும் இடையில் அணிவதும் கழுத்துக் காயம் பட்ட வீரர்களின் உள்வெப்பத்தைக் கட்டுப்படுத்த உதவின. இடைவேளையில் தெளிப்பான் புட்டியால் முகத்திலும் கையிலும் நீர் தெளித்துக்கொள்வது ரக்பிக் களத்தில் எங்கும் காணும் காட்சி. இல்லாத வியர்வைக்கு அது மாற்று. ஆனால் தெளித்த நீர் ஆவியானால்தான் குளிரும். மே மாதச் சென்னையில், குளிர்சாதனம் இல்லாத உள்ளரங்கில், காற்றே ஈரமாய் நிற்கும்போது தெளிப்பான் பெரிய உதவி செய்யாது. அங்கே பனிக்கட்டித் துவாலையும் பெரிய மின்விசிறியும் காலை ஆறு மணிப் பயிற்சியுமே வழி. இந்திய சக்கர நாற்காலிக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. ஐரோப்பியக் கையேடுகளை அப்படியே எடுத்தாளாமல் கடற்கரை வெயிலுக்கு ஏற்ப எழுத வேண்டிய தேவையை அங்குள்ளவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

4.3 தூண்டப்பட்ட ரத்த அழுத்தம்

டி6க்கோ அதற்கு மேலோ காயம் பட்டவரிடம் ஒரு விபரீதமான அனிச்சை உண்டு. காயத்துக்குக் கீழே ஏதேனும் உறுத்தினால், அதாவது சிறுநீர்ப்பை நிரம்பினால், கால் பட்டை இறுகினால், விரல் நசுங்கினால், அவருக்கு வலி தெரியாது. ஆனால் பரிவு நரம்புகள் கட்டுப்பாடின்றிப் பொங்கி ரத்த அழுத்தம் எகிறும். கழுத்துக்கு மேலே தலைவலியும் முகச்சிவப்பும் வரும். மூளை அதைத் தணிக்க அனுப்பும் கட்டளை காயத்தைத் தாண்டிக் கீழே இறங்காது. பக்கவாதமும் மரணமும் வரை இது போகும்.

அதே பொங்கல் ஆட்டத்திறனையும் கூட்டுகிறது. 1994இல் வெளியான ஆய்வில், 7.5 கி.மீ. மாதிரிப் பந்தயத்தில் இந்நிலையிலிருந்த வீரர்கள் சராசரியாக 9.7 விழுக்காடு குறைந்த நேரத்தில் முடித்தனர். அதற்காகச் சிறுநீர்க் குழாயை அடைத்துக்கொள்வோரும் பட்டையை வேண்டுமென்றே இறுக்குவோரும் உண்டு. 2008 பெய்ஜிங் பாராலிம்பிக் காலக் கணக்கெடுப்பில் பதிலளித்தவர்களில் 16.7 விழுக்காட்டினர் இதைச் செய்ததாக ஒப்புக்கொண்டனர். சர்வதேச பாராலிம்பிக் குழு இதைத் தடைசெய்திருக்கிறது. சுருங்கழுத்தம் 160 மி.மீ. பாதரசத்தை எட்டி, சிறிது நேரம் கழித்து மறுபடி அளந்தும் இறங்காவிட்டால் வீரர் அப்போட்டியிலிருந்து விலக்கப்படுவார். மீட்சிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றால்: பந்தயத்துக்குப் பிறகு தலைவலி, மயிர்க்கூச்சம் என்று சொல்லும் வீரரைக் களைப்பு என்று விட்டுவிடக் கூடாது. நிமிர்த்தி உட்காரவைத்து, பட்டைகளைத் தளர்த்தி, சிறுநீர்ப்பையைப் பார்த்து, ரத்த அழுத்தம் அளக்க வேண்டும். படுக்கவைப்பது தவறு.

5. பழகிய மீட்சி முறைகள்

பயிற்சி முடிந்ததும் மெல்லத் தள்ளி ஓய்வது லாக்டேட்டைக் குறைக்கும். ஆனால் அந்த மெதுவான பத்து நிமிடமும் அதே தோளின் மேல்தான் எழுதப்படுகிறது. கையால் சுழற்றும் மிதிவண்டி இருந்தால் அதில் ஓய்வது மேல். அதன் செயல்திறன் வளையத்தைவிட அதிகம், தோள் நிற்கும் கோணமும் பாந்தமாக இருக்கும்.

பனிநீர்த் தொட்டியைப் பற்றி நான் கடுமையாகவே சொல்வேன்: கழுத்துக் காயம் பட்டவரை அதில் இறக்கக் கூடாது. உணர்வில்லாத தோலுக்குக் குளிரின் அளவு தெரியாது. நடுங்கி வெப்பம் உண்டாக்கும் தசையும் போதாது. குளிரே முன்பிரிவில் சொன்ன பொங்கலைத் தூண்டவும் கூடும். தோளில் மட்டும் துணி சுற்றிய பனிக்கட்டிப் பை வைக்கலாம். உணர்வற்ற தொடையின் மேல் அந்தப் பையையோ சூட்டுப் பையையோ வைத்து மறந்துவிட்டால் வரும் புண் ஒரு பருவத்தையே தின்றுவிடும். மசாஜில் சிக்கல் குறைவு. வலி மாத்திரை விழுங்கிவிட்டுப் பயிற்சிக்கு வருவது எங்கும் கெட்ட பழக்கம். மறுநாள் படுக்கையிலிருந்து எழவே அந்தத் தோள் தேவைப்படும் ஒருவரிடம் இன்னும் கெட்டது.

தூக்கத்துக்கு வருவோம், இங்கே உடற்கூறு எதிர்பாராத வேலை செய்கிறது. இரவில் மெலட்டோனினைச் சுரக்கச் சொல்லும் செய்தி மூளைக்குள்ளேயே நேராகப் பினியல் சுரப்பிக்குப் போவதில்லை. கழுத்துத் தண்டுவடம் வழியாக மார்பின் மேல்முனை வரை இறங்கி, வெளியேறி, கழுத்து நரம்பு முடிச்சு வழியாக மறுபடி மேலேறுகிறது. கழுத்தில் தண்டுவடம் முழுதாக அறுபட்டால் இந்தச் சுற்றுவழி அடைபடும்; மாலையில் ஏற வேண்டிய மெலட்டோனின் ஏறாது. இவர்களிடம் தூக்கத்தில் மூச்சடைப்பும் பொதுமக்களைவிடக் கூடுதல். செல்போனைத் தள்ளிவை, அறையை இருட்டாக்கு என்னும் அறிவுரைகளால் மட்டும் இதைச் சரிசெய்ய முடியாது. மருத்துவரிடம் தூக்கப் பரிசோதனை கேட்க வேண்டும். கீழ்க்காயம் உள்ளவருக்கு இத்தனை இல்லை, நோகும் தோளின் மேல் ஒருக்களித்துப் படுக்காமல் தலையணை கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

6. உணவு, நீர், சிறுநீர்ப்பை

உடலெடைக்கு இத்தனை கிராம் என்று எழுதப்பட்ட விளையாட்டு உணவுச் சூத்திரங்கள் உழைக்கும் தசையும் உடலெடையும் ஒரு விகிதத்தில் இருப்பதாகக் கொள்கின்றன. தண்டுவடக் காயம் பட்டவரின் ஓய்வுநிலை ஆற்றல் செலவு மற்றவர்களைவிட 14 முதல் 27 விழுக்காடு வரை குறைவு என அளந்திருக்கிறார்கள். மெலிந்த கால்தசையே பெருங்காரணம். ஓட்டக்காரருக்குச் சொல்லும் அளவு மாவுச்சத்தை இவருக்கும் கொடுத்தால் மிச்சம் எடையாகச் சேரும், எடை தோளில் இறங்கும். எதிர்த்திசைத் தவறும் நடக்கிறது: எடைக்குப் பயந்து அரைவயிற்றோடு பயிற்சி செய்பவர்கள். தசைநாண் கட்டமைக்கப் பொருள் வேண்டும். நாள் முழுதும் பிரித்து ஒவ்வொரு வேளையும் 20 கிராமை ஒட்டிய புரதம் என்பது இட்லி, தோசையில் ஓடும் காலையில் தானாக அமையாது; முட்டையோ பனீரோ சுண்டலோ கூடவே வேண்டும்.

வைட்டமின் டி குறைபாடு வெயில் குறைந்த சுவிட்சர்லாந்தின் முதல்தர நாற்காலி வீரர்களிடமே பரவலாகக் காணப்பட்டது. உள்ளரங்கில் ஆடுபவர்களை நம் வெயில் நாட்டிலும் ரத்தப் பரிசோதனை செய்யாமல் விட முடியாது.

தண்ணீர் விஷயம் உடலியலைவிடக் கட்டடக்கலையைச் சார்ந்தது. மைதானத்தில் நாற்காலி நுழையும் கழிப்பறை இல்லையென்று தெரிந்த வீரர் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார். நீர் குறைந்தால் ஆட்டம் தளரும். சிறுநீர்த் தொற்றும் எளிதில் வரும். தொற்று வந்தால் காய்ச்சல், தசை இறுக்கம், மேல்காயம் உள்ளவருக்கு ரத்த அழுத்தப் பொங்கல். ஒரு வாரப் பயிற்சி போய்விடும். ஊட்டச்சத்து நிபுணரை நியமிக்குமுன் கழிப்பறைக் கதவின் அகலத்தை அளப்பது மலிவு.

7. அளவீடும் வாரத் திட்டமும்

மேல்காயம் உள்ளவரிடம் துடிப்பை நம்ப முடியாது என்றால் எதை நம்புவது? சக்கரத்தில் பொருத்தும் வேக உணரி ஒன்று. உழைப்பு எவ்வளவு கடினமாக இருந்தது என்று வீரரையே எண்ணால் சொல்லச் சொல்வது மற்றொன்று. ஆனால் இரண்டு எண்களாக. மூச்சு எப்படி, கை எப்படி. வளையத்தைத் தள்ளும்போது மூச்சைவிடக் கை முந்திக் களைக்கும். ஒரே எண் கேட்டால் இரண்டும் கலந்துவிடும். மூச்சு எண் குறைந்தே இருக்க, கை எண் நாளுக்கு நாள் ஏறினால் அது தோளின் முன்னெச்சரிக்கை.

பயிற்சி நாட்குறிப்பில் பொதுவாகத் தொலைவு, நேரம், வேகம் என்ற கட்டங்கள் இருக்கும். இடம் மாறுதல், ஏறிய சாய்தளம், தூக்கிய நாற்காலி, பயணம் ஆகியவற்றுக்கும் கட்டம் போட வேண்டும். ஊருக்குப் போய்வந்த இரண்டு நாளைப் பயிற்சியாளர் ஓய்வு நாள் என்று குறித்துக்கொள்கிறார். உண்மையில் அந்த இரண்டு நாளில் வீரர் ரயில் படியில் தொற்றி ஏறியிருப்பார், உறவினர் வீட்டில் தரையில் அமர்ந்து சாப்பிட்டுவிட்டுத் தரையிலிருந்து நாற்காலிக்கு ஏறியிருப்பார். இடம் மாறுதல்களிலேயே தோளுக்கு மிகக் கடினமானது அந்தத் தரை ஏற்றம்தான்.

கடும் பயிற்சிகளுக்கிடையே ஒன்றரை நாள் இடைவெளி என்பது தசைநாணின் காலத்திலிருந்து வந்த கணக்கு. அந்த இடைவெளியில் இழுப்புப் பயிற்சி செய்யலாம், உத்தியைத் திருத்தலாம், ஆட்ட வீடியோ பார்க்கலாம். வீட்டிலோ கல்லூரியிலோ மின்நாற்காலியோ, அன்றாட நாற்காலியின் முன்னால் மாட்டும் மோட்டாரோ இருந்தால் அந்த நாளில் அதைப் பயன்படுத்தச் சொல்ல வேண்டும். வீரர்கள் பலர் இதைத் தோல்வியாக நினைத்து மறுக்கிறார்கள். ஓட்டப்பந்தய வீரர் பயிற்சி மைதானத்துக்கு ஆட்டோவில் வருவதை யாரும் பலவீனம் என்பதில்லை.

தோள் வலிக்கிறது என்று வந்தவரின் பயிற்சியைக் குறைக்குமுன் அவருடைய வீட்டை ஒருமுறை பார்க்க வேண்டும். நாற்காலி இருக்கையைவிடக் கட்டில் ஒரு சாண் தாழ்ந்திருந்தால், ஒவ்வொரு காலையும் அவர் அந்த ஒரு சாணை இரண்டு தோளாலும் ஏறுகிறார். கட்டிலின் நான்கு காலுக்கும் அடியில் அசையாத மரக்கட்டை கொடுத்து இருக்கைக்குச் சமமாக உயர்த்த ஒரு தச்சருக்கு அரைநாள் போதும். குளியலறை ஸ்டூலையும் அதே அளவில் பார்த்துக்கொள்ளலாம். பிறகும் வலி நீடித்தால் பயிற்சி அட்டவணையைக் கையில் எடுக்கலாம்.